கும்பலா, போலிமா

அம்மா சென்ற மாதம் பதினேழாம் திகதி இறந்தார். வயது எழுபத்தாறு. பெயர் றோஸி சவுந்தரநாயகம். பிறந்தது கொட்டாஞ்சேனை, வாழ்ந்தது வெள்ளவத்தை. முப்பத்தெட்டு வருடம் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தார்.

தேவாலய அறிவித்தலுக்கு இவ்வளவும்தான் எழுதிக் கொடுத்தேன். சுவாமியார் வாசித்து முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு என்மீதே கோபம் வந்தது. 1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் அம்மா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். அதன் கணக்கு விளங்கி எழுதக்கூடியவளும் இப்போது நான் ஒருத்திதான். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய வேலை. அம்மா கையால் எண்ணிப் பழகியவர். ஒரு கண்ணாடித் தட்டு, அதில் மயிரிழைக் கோடுகளால் வரைந்த கட்டங்கள். ஒரு சொட்டு இரத்தத்தை அதில் விட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் கட்டங்களுக்குள் கலங்கள் தெரியும். எண்ண வேண்டும். கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் கலத்தை என்ன செய்வது? அதற்கு ஒரு விதி உண்டு. மேல்கோட்டையோ இடக்கோட்டையோ தொட்டால் எண்ணு. கீழ்க்கோட்டையோ வலக்கோட்டையோ தொட்டால் விடு, அது அடுத்த கட்டத்தில் எண்ணப்படும். இல்லாவிட்டால் ஒரே கலம் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். அம்மாவின் கண் இதை யோசிக்காமல் செய்யும். எண்ணிக்கொண்டே பக்கத்து மேசைக் கதைக்குப் பதிலும் சொல்வார்.

1997இல் அவர் வேலை செய்த கொட்டாஞ்சேனைக் கூடத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று பழசு என்று கழித்து அனுப்பியது. அது கலங்களை ஒவ்வொன்றாக ஒரு லேசர் ஒளிக்கு முன்னால் ஓடவிடும். கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில் நிறச்சாயம் ஒட்டியிருக்கும். எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறதோ அந்த நிறம் அவ்வளவு ஒளிரும். அந்தப் புரதங்களைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, இலக்கம்தான். பத்து, பத்தொன்பது, இருபது. ஒரு கலத்துக்கு ஐந்து எண்கள்: பருமன், உள்ளிருக்கும் சொரசொரப்பு, மூன்று புரதங்கள். பத்து நிமிடத்தில் பத்தாயிரம் கலங்கள்.

"நான் ஒரு மாதம் எண்ணுறதை இது தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள எண்ணிப்போடும்" என்றார் அம்மா. கொஞ்ச நாள் அதனோடு கோபமாகவே இருந்தார்.

ஆனால் அந்த இயந்திரத்தோடு வந்த மென்பொருள் அரைகுறை. முதல் இரண்டு புரதங்களை மட்டும் எடுத்து, ஒரு கலத்துக்கு ஒரு புள்ளியாகப் படம் போடும். மூன்றாவது புரதத்தைக் கோப்பில் பதிந்துவிட்டுச் சும்மா இருக்கும். டொக்டர் திரையில் புள்ளிகளைச் சுற்றி ஒரு பெட்டி வரைவார். பெட்டிக்குள் எத்தனை புள்ளி என்பதே விடை.

றஞ்சிதத்தின் விடையும் அப்படித்தான் வந்தது.

றஞ்சிதம் மட்டக்குளிப் பிள்ளை. பத்தொன்பது வயது. உடுப்புத் தொழிற்சாலையில் கொலர் தைப்பவள். பெப்ரவரியில் அவளுக்குக் குருதிப் புற்றுநோய் என்று கண்டார்கள். ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நிறை முப்பத்துநான்கு கிலோவுக்கு இறங்கியது. ஓகஸ்ட் 23ஆம் திகதி, திங்கட்கிழமை, அவளுடைய எலும்பு மச்சையிலிருந்து எடுத்த மாதிரியை அம்மா இயந்திரத்தில் விட்டார். டொக்டர் கருணாதிலக்க பெப்ரவரியில் வரைந்த அதே இடத்தில் பெட்டியை வரைந்தார். உள்ளே எழுநூற்றுப் பன்னிரண்டு கலங்கள். நூற்றுக்கு ஏழு.

அதன் பொருள்: நோய் போகவில்லை. அடுத்தது கடும் மருந்து. செப்டெம்பர் ஆறாம் திகதி ஏற்றத் தொடங்குவதாக முடிவாயிற்று. அந்த நிறையில் அந்த மருந்தை அவள் தாங்குவதற்குப் பாதிக்குப் பாதி என்று டொக்டரே தகப்பனிடம் சொன்னார். ஒளித்துப் பேசுகிற மனிதர் அல்ல அவர்.

அம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சேர், பெட்டி அதே பெட்டிதான். உள்ளுக்கு இருக்கிறது அது இல்லை."

டொக்டர் சிங்களத்தில் கேட்டார்: "எப்படித் தெரியும்?"

"பாக்க வேற மாதிரி இருக்கு. பெப்ரவரியில மை கொட்டின மாதிரி ஒரே இடத்தில கிடந்தது. இப்ப தூசி மாதிரிப் பரவிக் கிடக்கு."

"றோஸி, 'வேறு மாதிரி இருக்கிறது' என்று நான் றிப்போட்டில் எழுத முடியுமா? நோய் வளரும்போது நான் தூசி என்று சொல்லிக்கொண்டு இருக்கவா?"

அவர் சொன்னது நியாயம்தான். மருந்து நோயை அடித்து வெளியேற்றிய பிறகு மச்சை புதிய கலங்களை முளைக்க வைக்கும். அந்த இளம் கலங்கள் முதல் இரண்டு புரதங்களில் நோய்க் கலங்களைப் போலவே ஒளிரும். அப்படி நடப்பதுண்டு என்று டொக்டர் சஞ்சிகைகளில் வாசித்திருந்தார், அம்மாவுக்கும் தெரியும். ஆனால் இந்த எழுநூற்றுப் பன்னிரண்டும் நோயா, முளையா? பிழையாகச் சொன்னால் இரண்டு பக்கமும் உயிர்தான் போகும்.

அன்று பின்னேரம் றஞ்சிதத்தின் தகப்பன் வேலுசாமி கூடத்துக்கு வந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்.

"மிஸி, அந்தப் பெரிய மருந்த குடுத்தா புள்ள தாங்குமா?"

"நான் மிஸி இல்லை ஐயா, நேர்ஸ் இல்லை. நான் எண்ணுறவள்."

"அப்ப இன்னொருக்கா எண்ணிப் பாருங்க. தொறமொகத்துல ஒரு மூட்ட கூடுனாலும் கொறஞ்சாலும் மொத்தத்தையும் எறக்கி மறுபடி எண்ணச் சொல்லுவான். இது எம்புள்ளைங்க."

அம்மா பெப்ரவரிப் படத்தையும் ஓகஸ்ட் படத்தையும் ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அந்த நாட்களில் அது வழக்கம். அம்மாவின் முறை வந்தபோது ஆமிக்காரப் பொடியன் ஃபைலைத் திறந்தான். வெள்ளைத் தாள் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் அடர்த்தியான புள்ளிகள். தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டை.

"மேவா மொனவாத? சித்தியமக்த?" இவை என்ன, வரைபடமா என்று கேட்டான்.

"நெஹ் மல்லி. லே" என்றார் அம்மா. இல்லைத் தம்பி, இரத்தம்.

பொடியன் ஓரடி பின்னுக்குப் போனான். "காகெத லே?" யாருடைய இரத்தம்?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே அம்மா இதைச் சொல்லிச் சிரித்தார். "'லே' எண்டு சொன்னன் பார், என்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேணும். பிறகு லாப் கார்டைக் காட்டி, காய்ச்சல், பிளட் டெஸ்ற், பிளட் டெஸ்ற் எண்டு கத்தி, அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அந்தாள் படத்தைத் தலைகீழாப் பிடிச்சுப் பாத்து... முக்கால் மணித்தியாலம்."

"பயமா இருக்கேல்லையா அம்மா?"

"இருந்தது. ஆனா ஓரமா நிக்க வைச்சவங்கள். நிண்டுகொண்டு போலிமைப் பாத்தனான். அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தனான், கேள்."

கொழும்பில் நாங்கள் யாரும் 'வரிசை' என்று சொல்வதில்லை. சிங்களத்திலிருந்து வந்த சொல், போலிம். மண்ணெண்ணெய்ப் போலிம், பொலிஸ் பதிவுப் போலிம், சாவடிப் போலிம். அந்த வருடங்களில் எங்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி அதில்தான் போனது.

அம்மா கண்டது இது. முன்னால் நின்றவரின் பை மேசையில் கவிழ்ந்து கிடந்தது. அடுத்தவர் பையின் ஸிப்பைத் திறந்துவிட்டார். அதற்கடுத்தவர் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு பெண் பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் அப்போதுதான் பஸ் படியிலிருந்து காலை வைத்தார்.

"விளங்குதா? போலிமில ஒவ்வொருத்தரும் முன்னால நிக்கிறவரைவிட ஒரு சின்ன அடி பிந்தி. முதல் ஆளையும் கடைசி ஆளையும் பக்கத்தில வைச்சா சம்பந்தமே இல்லை. ஆனா இடையில நிக்கிறவையைத் தொட்டுத் தொட்டுப் போனா ஒரு முனையில இருந்து மற்ற முனைக்குப் போகலாம். கும்பல் அப்படி இல்லை. கும்பலில எல்லாரும் ஒரே கோலம். எங்க நடந்தாலும் அதுக்குள்ளேயேதான் சுத்துவாய்."

நோய்க் கலங்கள் ஒரே கலத்தின் நகல்கள். ஒரே வயதில் நின்றுவிட்டவை. அது கும்பல். முளைக்கும் கலங்கள் குழந்தை, இளசு, முற்றியது என்று படிப்படியாக நிற்கும். குழந்தையில் இலக்கம் பத்து நிறைய இருக்கும், இலக்கம் இருபது இருக்கவே இருக்காது. வளர வளரப் பத்து குறையும், இருபது ஏறும். அது போலிம்.

"அப்ப கேள்வி ஒண்டுதான்" என்றார். "கும்பலா, போலிமா? அதை நான் சொல்லக்கூடாது. கொம்பியூட்டர் சொல்ல வேணும். அப்பதான் டொக்டர் எழுதுவார்."

நான் அப்போது மொறட்டுவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டு முடிந்ததும் நான் தூக்கி எறிந்த பாஸ்கல் நிரலாக்கக் குறிப்புகளை அம்மா எடுத்து வைத்துத் தானே படித்திருந்தார். அவர் எழுதிய முதல் நிரல் கூடத்தின் கடமை அட்டவணை. அதில் கூட வேலை செய்த பைறோஸாவுக்குத் தொடர்ந்து மூன்று ஞாயிறு வேலை விழுந்தது. "றோஸி அக்கா, இது கொம்பியூட்டரா, எண்ட மாமியா?" என்று பைறோஸா கேட்டாள்.

இது இரண்டாவது நிரல். அம்மா பிளொப்பியில் கொண்டுவந்த இயந்திரக் கோப்பை நாங்கள் திறந்து பார்த்தோம். முதல் பகுதி வெறும் எழுத்து. தரவு எந்த இடத்தில் தொடங்குகிறது, ஒரு கலத்துக்கு எத்தனை எண் என்பதெல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. மூன்றாவது புரதம் பத்திரமாக உள்ளே கிடந்தது. நான் செய்த உதவி அவ்வளவுதான். மீதி அவருடையது. பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கலத்துக்கும் அதிலுள்ள மற்ற எல்லாக் கலங்களோடும் உள்ள தூரத்தை ஐந்து எண்களிலும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மிக அருகில் உள்ளவற்றை இணைக்க வேண்டும். பிறகு சின்ன அடிகளாக மட்டும் நடந்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணினியின் நினைவகம் எல்லாத் தூரங்களையும் ஒன்றாக வைத்திருக்கப் போதாது. அதனால் வேண்டும்போது கணக்கிட்டு, பாவித்து, மறந்துவிடும்படி எழுதினார். கடைசியில் ஒரே ஓர் எண் வரும். இரண்டுக்குக் கீழே என்றால் கும்பல், ஐந்துக்கு மேலே என்றால் போலிம்.

ஏன் ஐந்து என்று நான் அன்று கேட்கவில்லை. இனிக் கேட்க முடியாது.

நிரலுக்கு POLIM என்று பெயர் வைத்தார். சனிக்கிழமை, ஓகஸ்ட் 28, பகல் பதினொரு மணிக்கு ஓடவிட்டோம். பெப்ரவரிக் கோப்பு: 1.4. சரி, கும்பல். ஓகஸ்ட் கோப்புக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. அம்மா அடுப்படிக்கும் கணினிக்கும் நடந்துகொண்டிருந்தார். திரையில் விழுந்தது: 1.6.

கும்பல்.

அம்மா அடுப்படிக்குத் திரும்பினார். போய்ப் பருப்பை இறக்கி வைத்தார். நான் நிரலை இரண்டு தடவை வரிவரியாக வாசித்தேன். பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அப்போது கண்ணாடித் தட்டில் எண்ணத் தெரியாது.

திங்கட்கிழமை டொக்டர் கேட்டார்: "உங்கள் கணினி என்ன சொல்கிறது?"

"கும்பல் எண்டு சொல்லுது சேர்."

"அப்படியென்றால் நாங்கள் மூன்று பேரும் ஒரே கட்சி." கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது வேறு மாதிரி வந்திருக்கலாம் என்ற ஆசை இருந்திருக்கிறது.

கிண்டலுக்குப் பைறோஸா இருந்தாள். "என்ன றோஸி அக்கா, ஒங்கட போலிம்ல ஒத்தரும் வந்து நிக்கல்லையா? கடைய மூடிட்டாங்களா?" பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நிரல் அச்சடித்த தாளை எடுத்துப் புரட்டினாள். "எத்தின பேர எண்ணீக்கி இது? நானூத்தி நாப்பத்தொண்டு. ஏன் அக்கா, பெட்டிக்குள்ள எழுநூத்திப் பன்னெண்டு எண்டுதானே டொக்டர் சென்னாரு?"

அம்மா தாளைப் பறித்தார். 712. 441. இருநூற்று எழுபத்தொரு பேர் எங்கே?

"கீழ்க்கோடு" என்றார்.

"என்ன?"

"கீழ்க்கோடும் வலக்கோடும். ஐயோ பைறோஸா, என்ர கை! என்ர கை செய்திருக்கு!"

நிரலின் முப்பத்தொன்றாவது வரியில் அது இருந்தது. அம்மாவின் நிரல் இலக்கம் பத்தைக் குறுக்கேயும் இருபதை நெடுக்கேயும் வைத்தது; அந்தப் படத்தின் கீழ்க்கோட்டையும் வலக்கோட்டையும் தொடும் கலத்தை விட்டுவிடு. முப்பது வருடம் கண்ணாடித் தட்டில் எண்ணிய பழக்கத்தில், யோசிக்காமலே எழுதியிருக்கிறார். தட்டில் அந்த விதி சரி, ஏனென்றால் விட்டதை அடுத்த கட்டம் எண்ணிக்கொள்ளும். இங்கே அடுத்த கட்டம் கிடையாது. கீழ்க்கோட்டில் உட்கார்ந்திருந்தவை இலக்கம் இருபது இன்னும் வராத கலங்கள். வலக்கோட்டில் நின்றவை இலக்கம் பத்து உச்சத்தில் உள்ளவை. அதாவது எல்லாவற்றிலும் இளையவை. போலிமின் பின்பக்கம் முழுவதையும் அம்மா தன் கையால் வெட்டி எறிந்திருந்தார். மிஞ்சியது நடுவில் நின்ற ஒரு கொத்து. கொத்து கும்பலாகத்தான் தெரியும்.

ஒரு பொறியியலாளர் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். நன்றாக எண்ணத் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

அந்த வரியை அழித்தார். செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஓடவிட்டோம். இந்த முறை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பெப்ரவரி: 1.3. ஓகஸ்ட்: 7.4.

அம்மா கதிரையிலிருந்து எழும்பி, என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "போலிம்!" என்று கத்தினார். கீழ்வீட்டு நமசிவாயம் ஐயா மாடிப்படியில் ஓடிவந்து, "எங்க பிள்ளை, என்ன குடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். கையில் பையோடு வந்திருந்தார்.

ஆனால் ஓர் எண்ணைக் காட்டி மருந்தை நிறுத்த முடியாது. டொக்டர் கருணாதிலக்க அதைத்தான் சொன்னார். "றோஸி, சனிக்கிழமை இதே நிரல் கும்பல் என்றது. இன்று போலிம் என்கிறது. நாளை என்ன சொல்லும்? ஒரு வரியை மாற்றினால் விடை மாறுகிறதென்றால் நான் எதை நம்புவது?"

"என்னை நம்ப வேண்டாம் சேர். சோதியுங்கோ. பழைய ஃபைல்கள் அலுமாரியில கிடக்கு. பேரில்லாமக் கொண்டுவாங்கோ."

அவர் இரண்டு நாள் எடுத்தார். இருபத்துநான்கு பழைய கோப்புகளைத் தானே தெரிந்தெடுத்தார். சில நோய் உறுதியானவை, சில சுகமானவர்களின் மச்சை. பெயர்களை அழித்து, ஒன்று முதல் இருபத்துநான்கு வரை இலக்கம் போட்டு பிளொப்பிகளில் ஏற்றினார். விடைகளை ஒரு கடித உறையில் வைத்து ஒட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டெம்பர் மூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கே கூடத்தின் புதிய கணினியில் தொடங்கினார்கள். எங்கள் வீட்டுக் கணினியைவிட அது எத்தனையோ மடங்கு வேகம். நானும் வகுப்பை விட்டுவிட்டுப் போயிருந்தேன். எண் விழ விழ அம்மா ஒரு தாளில் எழுதினார். 1.2, கும்பல். 6.8, போலிம். 1.5, கும்பல். பைறோஸா ஒவ்வொன்றுக்கும் வாய்க்குள் ஏதோ ஓதினாள். பதினேழாவது கோப்புக்கு 3.1 வந்தது. இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில்.

டொக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன எழுதப் போகிறீர்கள்?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு பதினேழுக்கு எதிரே 'தெரியாது' என்று எழுதினார்.

பகல் இரண்டரைக்கு இருபத்துநான்காவதும் முடிந்தது. டொக்டர் உறையைக் கிழித்தார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனையால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். பதினாறு சரிகள். பதினேழில் நின்றார்.

"இது நான் வேண்டுமென்றே வைத்தது" என்றார். "இரண்டு நாள் வெயிலில் கிடந்து பழுதான மாதிரி. இதற்கு விடையே கிடையாது. கும்பல் என்றோ போலிம் என்றோ எழுதியிருந்தால் நான் இந்தத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்."

மீதி ஏழுக்கும் சரி போட்டார். இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று.

பைறோஸா கையைத் தட்டினாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போலிமக்!" என்று சிரித்தார். "நான் இங்கிலாந்தில் நான்கு வருடம் படித்தேன். இதை யாரும் எனக்குப் போலிம் என்று சொல்லித் தரவில்லை."

றஞ்சிதத்தின் கடும் மருந்தை மூன்று கிழமை தள்ளி வைத்தார். முளைதான் என்றால் அதற்குள் போலிம் நகர்ந்து, பெட்டி காலியாகும். நோய் என்றால் பெட்டி நிறையும். அப்படி நிறைந்தால் அந்த மூன்று கிழமையை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது. இதை அவர் வேலுசாமியிடம் மறைக்காமல் சொன்னார். வேலுசாமி அம்மாவைப் பார்த்தார். அம்மா, "ஓம் ஐயா, பொறுத்துப் பாப்பம்" என்றார். அந்த நான்கு சொற்களைச் சொன்ன பிறகு மூன்று கிழமையும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒவ்வொரு நாளும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இறங்கி ஏறினார். அங்கேயும் போலிம்தான்.

செப்டெம்பர் 27. திங்கட்கிழமை. றஞ்சிதத்தின் மாதிரி காலையில் வந்தது. பத்தாயிரம் கலங்கள். டொக்டர் பெட்டியை வரைந்தார். பெப்ரவரியின் அதே இடம், அதே அளவு.

உள்ளே அறுபத்தெட்டு.

எழுநூற்றுப் பன்னிரண்டிலிருந்து அறுபத்தெட்டு. அம்மா நிரலை ஓடவிட்டார். அந்த அறுபத்தெட்டும் போலிம். முன்னால் நின்றவை முற்றி வெளியே போயிருந்தன, கடைசியில் நின்றவை முன்னால் வந்திருந்தன. நோய் இல்லை. டொக்டர் றிப்போட்டை அங்கேயே நின்று எழுதினார். கையொப்பத்தின் கீழ் ஒரு கோடு போட்டு, "கணிப்பு: றோஸி சவுந்தரநாயகம்" என்று சேர்த்தார். அந்தக் கூடத்தில் ஒரு பரிசோதகரின் பெயர் றிப்போட்டில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு நான்கரை வருடம், புதிய இயந்திரம் வரும்வரை, POLIM அங்கே ஓடியது. அறுபத்தொரு நோயாளிகள். இன்று நான் அதே வேலையைத்தான் செய்கிறேன், மூன்றுக்குப் பதில் நாற்பது புரதங்களோடு. அயலவரைத் தேடு, சின்ன அடியாக நட, எவ்வளவு தூரம் போகிறாய் பார். இப்போது அதற்கு நீளமான பெயர்கள் இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு நான் போலிம் என்றே சொல்லிக் கொடுக்கிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளும் போலிம் என்றே சொல்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்கு தகப்பனும் மகளும் கூடத்துக்கு வந்தார்கள். றஞ்சிதம் தலையில் ஒரு பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். நான் அவளைப் பார்த்தது அன்றுதான். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தது கதிரைக்கே தெரிந்திருக்காது.

அம்மா றிப்போட்டை நீட்டினார். வேலுசாமி வாங்கவில்லை.

"வாயால சொல்லுங்க மிஸி."

"மருந்து வேண்டாம். நோய் இல்லை. முளைக்குது."

"இன்னொருவாட்டி சொல்லுங்க."

"முளைக்குது ஐயா. நல்லா முளைக்குது."

அவர் றிப்போட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். றஞ்சிதம் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப முடியும் மொளைக்குமா மிஸி?"

"முடி என்ன, பல்லே இன்னொரு செட் முளைக்கும்."

அவள் சிரித்தாள். பிறகு தகப்பனின் சட்டையை இழுத்து, "அப்பா, எனக்குப் பசிக்குது" என்றாள்.

எதிரே ஒரு சாப்பாட்டுக்கடை. நாங்கள் மேல்மாடி யன்னலில் நின்று பார்த்தோம். வேலுசாமி மகளின் கையைப் பிடித்து றோட்டைக் கடந்தார். கடைக்காரன் மீன் பொதிந்த மாலுபாண் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். றஞ்சிதம் ஒன்றை எடுத்தாள். முழுவதையும் தின்றாள். இரண்டாவதையும் தின்றாள். மூன்றாவதற்குக் கை நீண்டபோது அம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நோயாளிகள் நிறைந்த கூடம் என்பதையும் மறந்து, "பைறோஸா, ஓடி வா, ஓடி வந்து பார், மூண்டாவது!" என்று கத்தினார்.